குளம் நீங்கலாக

“தட்டைப் பிறகு கொண்டு வாரும் சந்திரா. மேசையிலை படம் விரிச்சிருக்கு. எண்ணெய் பட்டிடும்.”

சிவானந்தன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். காலையிலிருந்து அரைத்துச் சுட்ட உழுந்து வடையோடு, தன் வீட்டு முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள் சந்திரவதனா. உள்ளே ஐந்து ஆண்கள் மேசையைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். நடுவில், கையில் பென்சிலோடு, ஒரே ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குட்டையாக வெட்டிய தலைமயிரில் பாதி நரை. சாயம் பூசி மறைக்கவில்லை. அவள் பேசினாள், ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் பேசுவதை இவ்வளவு நேரம் குறுக்கிடாமல் தன் கணவர் கேட்டதை, பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் சந்திரவதனா அன்றுதான் பார்த்தாள்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஹரோவில் இருந்த அந்த வீட்டில்தான் ஆவரம்பிட்டி மக்கள் ஒன்றியம் கூடுவது வழக்கம். பல் வைத்தியரான சிவானந்தன் அதன் தலைவர். முன்பெல்லாம் ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின் வாங்கி அனுப்பி, அதற்கு மாலை போட்டுப் படம் எடுப்பித்து மகிழ்ந்த ஒன்றியம் அது. இப்போது ஊரில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். போரில் அரசு போட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் ஒளித்து விற்கப்படும் பொருளாகிவிட்டது. மெஷின்கள் கிணற்றடிகளில் துருப்பிடித்துக் கிடந்தன. குவைத்துக்கு உழைக்கப் போன ஊர்ப்பிள்ளைகள் அங்கு வந்த சண்டையால் உடுத்த உடுப்போடு திரும்பினார்கள். லண்டனிலும் கடை கடையாக மூடி, ஒன்றிய உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு வேலை ஆட்டங்கண்டிருந்தது. எண்ணெயும் இல்லாமல், வெளிநாட்டை எதிர்பார்க்காமலும் ஊர் எப்படித் தண்ணீர் குடிக்கும், எப்படித் தோட்டம் செய்யும்? அதற்கு வழி சொல்லத்தான் அந்தப் பெண்ணை அழைத்திருந்தார்கள். லண்டன் பொறியியல் கம்பனி ஒன்றில் வேலை. ஆபிரிக்கக் கிராமங்களுக்குத் தண்ணீர்த் திட்டம் போடுகிறவள். மிஸிஸ் கிறிஸ்துராஜா என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள்.

“எங்கட நிலத்துக்குக் கீழை சுண்ணாம்புக் கல்லு,” என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். “அதுக்குள்ளை மழைத் தண்ணி நிக்குது. அதுக்கும் கீழை கடல் தண்ணி. காய்ச்சின பாலிலை ஆடை மிதக்கிற மாதிரி, உவர்த் தண்ணிக்கு மேலை நல்ல தண்ணி மிதக்குது. மெல்ல எடுத்தால் ஆடை வரும். அவதிப்பட்டு அள்ளினால் கீழை கிடக்கிறதுதான் வரும்.”

“அப்ப தண்ணி இறைக்கிற காத்தாடி?” என்றார் சிவானந்தன்.

“போடலாம். ஊரிலை கிடக்கிற பழைய லொறி அச்சு, தகரப் பீப்பா, சைக்கிள் செயின் காணும். வெளியிலையிருந்து ஒரு ஆணியும் போகத் தேவையில்லை. ஆனால் முதல் குளம். அது தூர்ந்துபோய்க் கிடக்கு. பெய்யிற மழை நிலத்துக்குள்ளை இறங்காமல் கடலுக்கு ஓடுது. குளத்தை வெட்டினால்தான் ஊர்க் கிணறு முழுக்கவும் ஊறும். குளத்தை விட்டிட்டுக் காத்தாடி மட்டும் போட்டியளெண்டால் இரண்டு வருசத்திலை உப்பைத்தான் இறைப்பியள்.”

ஒன்றியத்தின் மூத்தவர் கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளை ஆவரம்பிட்டியிலை எந்தப் பக்கம்?”

“தெற்கு, அண்ணை. பத்து வயசிலை வெளிக்கிட்டனான்.” அவள் வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். “நானும் சந்திரவதனாவும் ஒரே வகுப்பு. மறந்திட்டீரோ, சந்திரவதனா? நான் வசந்தமலர்.”

“அட! சொல்லவே இல்லையே நீர்!” என்று சிவானந்தன் மனைவியைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு எழுந்து, தானே குசினிக்குப் போய், தேத்தண்ணீர் ஊற்றி வசந்தமலருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டில் தேயிலைப் பேணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதையே சந்திரவதனா அன்றுதான் அறிந்தாள்.

அவள் மறக்கவில்லை. வாசலில் நின்று அந்த முகத்தைப் பார்த்த கணமே அடையாளம் கண்டுவிட்டாள். மறந்திருந்தால்தான் நெஞ்சுக்குள் அப்படி எரிந்திருக்காதே.

நான்காம் வகுப்பில் சந்திரவதனா முன்வாங்கில் இருந்தாள். வசந்தமலரும் இன்னும் மூன்று பிள்ளைகளும் பின்சுவரோடு நிலத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு வாங்கு இல்லை என்பதில் எவருக்கும் எந்தக் கேள்வியும் இருக்கவில்லை. சோதனை முடிந்து புள்ளி வாசிக்கும்போது மட்டும், நிலத்தில் இருந்தவளின் பெயர் முதலில் வரும். சந்திரவதனாவின் பெயர் அடுத்ததாக வரும். ஒவ்வொரு தவணையும் அப்படித்தான். “நிலத்திலை இருக்கிறவளிட்டைத் தோத்துப்போட்டு வந்து நிக்கிறாய். உனக்கு வெக்கமில்லையோ?” என்று தகப்பன் கேட்பார். அடித்ததில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வசந்தமலருக்குக் கிடைத்தது. அவள் வேறு ஊருக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்தாள். சந்திரவதனா தாவரவியலில் பட்டம் எடுத்து, நாலு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து, எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கணவனோடு லண்டன் வந்து, ஹரோ நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவள் ஆனாள்.

அந்த நூலகத்தில்தான், போன ஐப்பசியில், காற்றாடியால் தண்ணீர் இறைக்கும் கிராமங்களைப் பற்றி ஒரு சஞ்சிகையில் படித்தாள். பிரதி எடுத்துக் கணவனிடம் கொடுத்தாள். “ஊருக்கு இது சரிவரும்போலை இருக்கு” என்றாள். “பிறகு பாப்பம்” என்று வாங்கி வைத்தார் அவர். பிறகு பார்க்கவில்லை. இன்றைக்கு அதே காற்றாடியை இன்னொருத்தி சொன்னதும் எழுந்துபோய்த் தேத்தண்ணீர் ஊற்றுகிறார்!

எல்லோரும் போனபின் சிவானந்தன் அன்று முழுவதும் அந்தத் திட்டத்தைப் பற்றியே பேசினார். “என்ன தெளிவு பாரும். ஒரு சொல்லு மிச்சமில்லை. உங்கட வகுப்பிலை ஆர் கெட்டிக்காரி, அவவோ நீரோ?” என்று பகிடியாகக் கேட்டார். சந்திரவதனா பாத்திரம் கழுவினாள். ஆறிப்போய்க் கிடந்த வடைகளைக் குப்பையில் கொட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை, நூலகத்துக்குப் புறப்படுமுன், கனகலிங்கத்தின் மனைவி கனகாம்பிகைக்கு போன் எடுத்தாள். கோவில் விசேஷம் ஒன்றைப் பற்றிக் கேட்கத்தான் எடுத்தாள். தனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

“அண்டைக்கு வந்த அந்த எஞ்சினியரம்மா நல்லாக் கதைச்சவவாம். இவர் புகழ்ந்து முடியேல்லை,” என்றாள் கனகாம்பிகை.

“ஓம் அக்கா. பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சவ தெரியுமே? குளத்தடியிலை மரமேறுற மாணிக்கத்தின்ரை மகள் எண்டால் இப்ப ஆரும் நம்புவினமே? முன்னேறினால் அப்பிடித்தான் முன்னேற வேணும்.”

கனகாம்பிகை குரலைத் தாழ்த்தினாள்.

“குளத்தடியோ?”

“ஓம் அக்கா. உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்.”

புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். ஒரு சொல்லில்கூடக் குற்றம் பிடிக்க முடியாது. போனை வைத்துவிட்டு ஒரு பாட்டை முணுமுணுத்தபடி புறப்பட்டாள். நூலகத்துக்குப் போகும் பஸ்ஸில் அன்று அவளுக்கு இருக்க இடமும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றியம் முழுவதும் தெரிந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு வசந்தமலரை எவரும் அழைக்கவில்லை. திட்டம் மட்டும் மேசையில் விரிந்திருந்தது. அன்று வடை கொண்டுபோன சந்திரவதனாவுக்கு, படத்தை ஒதுக்கி இடம் விட்டார்கள்.

“லண்டனிலை இருந்துகொண்டு ஆர் சாதி பாக்கினம்?” என்று கனகலிங்கம் தொடங்கினார். “ஆனால் எங்கட சனத்தின்ரை உழைப்பை முதல் முதல் கொண்டுபோய் குளத்தடியிலை போட்டால் ஊரிலை என்ன கதைப்பினம்? அவ தன்ரை ஆக்களின்ரை பக்கத்துக்கு எல்லாத்தையும் இழுக்கிறா எண்டுதான் எனக்குப் படுகுது.”

“குளம் எல்லாக் கிணத்துக்கும் எண்டெல்லோ சொன்னவ?” என்று ஒருவர் இழுத்தார்.

“அவ சொன்னவ. அவ வேறை என்னத்தைச் சொல்லுவா?”

சிவானந்தன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். சந்திரவதனா தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பாலாடைக் கதையை அவள் கேட்டிருந்தாள். பட்டதாரி, சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் எப்படி நிற்கும், எப்படி இல்லாமல்போகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டியவள். வசந்தமலர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று அந்த அறையில் திட்டமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாயைத் திறந்தால், முதல் புள்ளியை மறுபடியும் வசந்தமலருக்குத் தூக்கிக் கொடுத்ததாகும்.

“சீனி காணுமோ?” என்று மட்டும் கேட்டாள்.

தீர்மானம் எழுதப்பட்டது: “குளம் நீங்கலாக, திட்டம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.” காற்றாடி பிள்ளையார் கோவில் பெரிய கிணற்றில் வரும். குளத்தடி ஆட்கள் எந்தக் காலத்திலும் கை வைக்காத கிணறு அது.

வசந்தமலரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. “என் பெயரைப் போடாவிட்டால் பரவாயில்லை. தயவுசெய்து குளத்தை வெட்டாமல் காற்றாடியைப் போடாதீர்கள்” என்று இரண்டு வரி. சிவானந்தன் அதைப் படித்துக் கோப்பில் வைத்தார். பதில் போடவில்லை.

அந்த ஆனி மாதம் பிரேசிலில் உலகத் தலைவர்களெல்லாம் கூடிப் பூமியைப் பற்றிக் கவலைப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஒன்றியத்தின் ஆண்டு மலரில் சிவானந்தன் ‘நெருக்கடிக் காலத்தில் நிலைபேறான அபிவிருத்தி’ என்று ஒரு கட்டுரை எழுதினார். லொறி அச்சு, தகரப் பீப்பா, சைக்கிள் செயின் எல்லாம் அதில் இருந்தன. எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் சந்திரவதனாதான் எழுத்துப்பிழை பார்த்தாள். வருட முடிவில் ஊரிலிருந்து படம் வந்தது: கோவில் கிணற்றடியில் காற்றாடி, கீழே மாலையோடு ஊர்ப் பெரியவர்கள். ஆண்டு விழா மண்டபத்தில் அதைப் பெரிதாக்கி மாட்டிக் கைதட்டினார்கள்.

சந்திரவதனா நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் எரிச்சல் ஆறவில்லை. தை மாதத்தில், நூலகத்துக்கு வந்த பொறியியல் சஞ்சிகையை அடுக்கும்போது ஒரு பக்கம் விரிந்தது. மழை பொய்த்துப் போன ஆபிரிக்கக் கிராமமொன்றில், வெயிலில் முகம் கறுத்து, பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் வசந்தமலர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்ற பெண்களெல்லாம் தண்ணீரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னை அப்படி எவராவது ஒருநாள் பார்த்ததுண்டா என்று யோசித்தாள் சந்திரவதனா. சஞ்சிகையை எவர் கையும் எட்டாத மேல்தட்டில் வைத்தாள். மத்தியானம் போய் அதை எடுத்து மறுபடியும் பார்த்தாள்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஆவணியில் தம்பி பாஸ்கரனின் கடிதம் வந்தது. கொழும்புக்கு வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து கிழமை சுற்றி வந்த கடிதம்.

“அக்கா, காத்தாடி இராப்பகலாச் சுத்தினது. முதல் வருசம் நல்ல விளைச்சல். இந்த வருசம் தை பிறக்கவே தண்ணி வாயிலை வைக்கேலாமல் போச்சு. மிளகாய்க் கண்டெல்லாம் நுனி கருகிப் பட்டுப்போச்சு. கோவில் கிணறு, எங்கட கிணறு, பக்கத்து வளவுக் கிணறு எல்லாம் உவர். நல்ல தண்ணி இருக்கிறது குளத்தடியிலை மட்டும்தான். லண்டனிலை இருக்கிற மாணிக்கத்தின்ரை மகள் படம் கீறி அனுப்பினவவாம். அதை வைச்சு அவை ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் நாப்பது நாள் கடகத்திலை மண் சுமந்து, தங்கட கிணத்தோடை கிடக்கிற குளத்தின்ரை மூலையை வெட்டினவை. முழுக்குளமும் வெட்ட அவையாலை ஏலாதுதானே. எங்கட ஆக்கள் வாளியோடை போகினம். தரமாட்டம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. வரிசையிலை நிக்கச் சொல்லுகினம். அதுதான் கனபேருக்கு ஏலாமல் கிடக்கு. அம்பலவாணன் மாமா வரிசையிலை நிக்கமாட்டன் எண்டு உவர்த் தண்ணியைக் குடிச்சு வயித்தோட்டத்திலை படுத்திருக்கிறார்.”

மூன்று தரம் படித்தாள். நாற்பது நாள். ஒருத்தி கீறி அனுப்பிய படத்துக்காக ஒரு பகுதிச் சனம் முழுவதும் நாற்பது நாள் மண் சுமந்திருக்கிறது. அப்போதும் முதலில் வந்தது அந்தப் பழைய எரிச்சல்தான். அதற்குப் பிறகுதான் மாமா நினைவுக்கு வந்தார். கருகிய மிளகாய்க் கன்றுகள் அதற்கும் பிறகு.

கடிதம் ஒன்றியத்தில் வாசிக்கப்பட்டது. அந்தப் பெண்ணிடம் இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. யார் போவது?

“சந்திராவோடை படிச்சவதானே,” என்றார் கனகலிங்கம். “பொம்பிளைக்குப் பொம்பிளை கதைச்சால் சரிவரும்.”

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் மாறி, ஒரு சனிக்கிழமை முற்பகல் ஃபாரஸ்ட் கேட் போய் இறங்கினாள் சந்திரவதனா. ஒன்றோடொன்று ஒட்டிய வீட்டு வரிசையில் பச்சைக் கதவு. வசந்தமலர் திறந்தாள். பின்வளவில் ஏதோ நட்டுக்கொண்டிருந்தவள், கையெல்லாம் ஈர மண்.

“வாரும். ஊரிலையிருந்து கடிதம் எனக்கும் வந்தது. ஒன்றியம் அனுப்பினதோ, நீரா வந்தனீரோ?”

“ஒன்றியம்தான் அனுப்பினது.” சந்திரவதனா உட்காரவில்லை. மேலங்கியைக் கழற்றவும் இல்லை. “அதுக்கு முதல் நான் ஒண்டு சொல்ல வேணும். உம்மட அப்பாவின்ரை பேரைக் கனகாம்பிகை அக்காவிட்டைச் சொன்னது நான்.”

“தெரியும்.”

“என்னண்டு?”

“என்ரை அப்பா ஆர் எண்டு அந்த வீட்டிலை தெரிஞ்ச ஆள் நீர் ஒராள்தானே.”

வசந்தமலர் குழாயைத் திறந்து கை கழுவினாள். விரல் விரலாகக் கழுவினாள். சந்திரவதனாவுக்கு அந்த முதுகோடு பேசுவது சுகமாக இருந்தது.

“சாதிக்காகச் சொல்லேல்லை வசந்தமலர். சத்தியமாச் சாதிக்காக இல்லை. எரிச்சலிலை சொன்னனான். அவர் எழும்பிப் போய் உமக்குத் தேத்தண்ணி எடுத்துத் தந்தவர். எனக்கு ஒருநாளும் தந்ததில்லை. அந்தக் காத்தாடியை முதல் சொன்னது நான். ஒருத்தரும் கேக்கேல்லை. எப்பவும் நீர்தான் முதலாம் ஆள். நாலாம் வகுப்பிலையிருந்து நீர்தான்.”

வசந்தமலர் துவாயில் கை துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“எனக்கு மட்டும் எரிச்சல் இல்லையெண்டு நினைச்சீரோ? உம்மட வாங்கைப் பாத்து எரிச்சல். உம்மட வெள்ளைச் சப்பாத்தைப் பாத்து எரிச்சல். வெயிலுக்கை உம்மை ஒராள் குடை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகும். அதைப் பாத்து அழுதிருக்கிறன். ஆனால் எனக்கு எரிச்சல் வந்தால், எடுத்து எறியிறதுக்குக் கையிலை ஒண்டும் இருக்கேல்லை. உமக்கு இருந்தது. பிளேன் ஏறி இவ்வளவு தூரம் வந்தும், கைக்கு எட்டின இடத்திலைதான் அதை வைச்சிருந்தனீர். எடுக்கேக்கை அது என்னெண்டு பாக்கவும் இல்லை. சாதிக்காக இல்லையெண்டு இப்ப சொல்லுறீர்.”

சந்திரவதனா மேலங்கியோடே கதிரையில் உட்கார்ந்தாள். வசந்தமலர் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஊர்ப் படத்தை எடுத்து விரித்தாள்.

“மிச்சக் குளத்தையும் வெட்டி, காத்தாடியை இரண்டு மழைக்கு நிப்பாட்டி வைச்சால் நாலைஞ்சு வருசத்திலை உங்கட கிணறும் தெளியலாம். நான் எல்லாம் கீறித் தாறன். ஒரு வேலை ஒன்றியம் செய்ய வேணும். ஒன்றியம் தொடுற எந்தக் கிணத்திலையும் ஊரிலை ஆரும் அள்ளலாம் எண்டு ஒரு வரி எழுதி, கையெழுத்து வைச்சு ஊருக்கு அனுப்ப வேணும். கோவில் கிணறும் சேத்துத்தான்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்,” என்றாள் வசந்தமலர். “செய்வினமோ எண்டு பாரும்.”

பொதுக்கூட்டம் ஹரோவில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளி மண்டபத்தில் அடுத்த மாதம் கூடியது. நாற்பது நாற்பத்தைந்து பேர். ஆண்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். பெண்கள் பின்னால் தேத்தண்ணீர் மேசையைச் சுற்றி நின்றார்கள். அந்த ஒரு வரி வாசிக்கப்பட்டது.

சாதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கோவில் கிணறு கோவிலுக்குச் சொந்தம், அதில் நாங்கள் எப்படிக் கையெழுத்து வைப்பது என்றார் ஒருவர். ஊரில் சண்டை நடக்கிற நேரத்தில் புதுப் பிரச்சினை எதற்கு என்றார் இன்னொருவர். வெளியாள் ஒருத்தி ஒன்றியத்துக்கு நிபந்தனை போடுவதா என்று கேட்டார் மூன்றாமவர். வெளியாள் என்ற சொல்லுக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது. பிறகு கனகலிங்கம் எழுந்து, எல்லோருக்கும் ஏற்ற ஒரு வழி சொன்னார். ஒரு பவுசர் வண்டி. குளத்தடிக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வந்து எங்கள் பக்கம் வீடு வீடாக ஊற்றலாம். எவரும் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

“அதுக்கு மண்ணெண்ணெய்?”

“கிடைக்கிற நேரம் ஓடட்டும். ஒரு அவசரத்துக்குத்தானே.”

சிவானந்தன் தீர்மானத்தை வாசித்தார். நிலைபேறான அபிவிருத்தி என்ற சொல் அதிலும் இருந்தது. “ஆதரவாக் கை உயர்த்துங்கோ” என்றார். கைகள் எழுந்தன. பின்னால் நின்ற பெண்கள் சிலரும், கோப்பையை வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்கள்.

“எதிர்ப்பு இல்லைத்தானே?” என்று கேட்டுக்கொண்டே அவர் பேனாவை எடுத்தார்.

“இருக்கு,” என்றாள் சந்திரவதனா.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. கையை உயர்த்தியபடியே கதிரைகளுக்கு நடுவால் முன்னுக்கு நடந்து வந்தாள்.

“குளத்தடிக் கிணத்திலை நிரப்புறது எண்டு எழுதியிருக்கிறியள். நிரப்ப விடுவினமோ எண்டு குளத்தடி ஆக்களிட்டை ஆராவது கேட்டனியளோ?”

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

“சந்திரா, பிறகு கதைப்பம்,” என்றார் சிவானந்தன் தாழ்ந்த குரலில்.

“பிறகு எண்டு எத்தினை வருசம்? வசந்தமலர் மாணிக்கத்தின்ரை மகள் எண்டு உங்களுக்கெல்லாம் சொன்னது நான். எரிச்சலிலை சொன்னனான். அவ கெட்டிக்காரி எண்டு நீங்கள் எல்லாரும் கொண்டாடினது எனக்குப் பொறுக்கேல்லை. குளம் இல்லாட்டி உப்பு வரும் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சீனி காணுமோ எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். நான் எரிச்சலிலை செய்தன். நீங்கள் எல்லாரும் என்னத்திலை செய்தனியள்?”

கனகாம்பிகை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். எங்கோ ஒரு கதிரை கிறீச்சிட்டது. பிறகு யாரோ, அடுத்த விடயம் ஆண்டு விழாச் சாப்பாடு என்று நினைவூட்டினார்கள். தீர்மானம் ஒரு எதிர்ப்போடு நிறைவேறியதாக எழுதப்பட்டது. எதிர்த்தவர் பெயர் எழுதப்படவில்லை.

திங்கட்கிழமை காலை குசினி மேசையில் இருந்து அவள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகப் பேசாமல் இருந்த சிவானந்தன், வேலைக்குப் புறப்படும் வேளையில் வாசலில் நின்றார்.

“ஆருக்கு?”

“பாஸ்கரனுக்கு.”

“பவுசர் வருகுது எண்டு எழுதும். மாமாவுக்கும் ஆறுதலா இருக்கும்.”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. அவர் தேத்தண்ணீர் குடிக்காமலே கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சந்திரவதனா எழுதினாள்: “தம்பி, பவுசரைப் பாத்துக்கொண்டு இருக்காதை. வாளியை எடுத்துக்கொண்டு போய் வரிசையிலை நில். மாமாவாலை எழும்ப ஏலுமெண்டால் அவரையும் கூட்டிக்கொண்டு போ. மிச்சக் குளத்தை அவை வெட்டத் தொடங்கினால் கேட்டுக்கொண்டு நிக்காமல் நீயும் ஒரு கடகம் எடு. படம் வசந்தமலர் அவைக்கு அனுப்புவா. தன்ரை பேரைப் போட்டே அனுப்புவா.”

அந்தப் பெயரை எழுதும்போது நெஞ்சின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, உறையை ஒட்டினாள்.